ஆடியா, மாசியா?

"ஆடி மாசம் அந்தமான் கடலுக்குள்ள முங்குனா, நீட்டுன கையே தெரியாதுண்ணே. அப்புறம் மீனு எங்கிட்டுத் தெரியும்?"

அழகுராஜா திருநகரில் டிராவல்ஸ் நடத்துபவன். அன்று காலை கடையைத் திறக்காமல், திருப்பரங்குன்றத்தில் மலையாண்டியின் வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்திருந்தான். எதிரே மலையாண்டி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றினார்.

"ஆடியில இங்க மழையே கெடையாதே தம்பி. அதனாலதான ஒங்கிட்ட டிக்கெட் கேட்ட வீட்டுல எல்லாரும் அந்த மாசந்தான்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

"அங்கதாண்ணே தப்பே நடக்குது. நம்மூரு மழைய வச்சு அந்தமான் மழையக் கணக்குப் போடுறாங்க. ஆடியில மேக்க இருந்து வார மழைய மேற்கு மலை மறிச்சுப்புடுது. பெய்ய வேண்டியதெல்லாம் கேரளாவுல பெஞ்சிருது, நமக்குக் காத்து மட்டுந்தான் வந்து சேருது. அந்தமானுக்கு முன்னால அப்படி மறிக்க என்ன இருக்கு? வெறும் கடல். மழையும் காத்தும் அப்படியே நேரா வந்து எறங்கும்."

மலையாண்டி எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டுக் கேட்டார்.

"மழை மேல பெய்யிது. நம்ம ஆளுக தண்ணிக்கு அடியில இருக்காங்க. நனைஞ்சவனுக்கு மழை என்ன, வெயில் என்ன?"

அழகுராஜாவுக்கு இந்த மாதிரிக் கேள்வி பிடிக்கும். ஜன்னலோரத் தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, தனக்குக் குடிக்கக் கொடுத்திருந்த தண்ணீரில் போட்டு, தன் பேனாவால் கலக்கினான். டம்ளரின் அடி மறைந்தது.

"இதாண்ணே ஆடி மாசக் கடல். மழைத்தண்ணி கரையில இருக்க மண்ண அரிச்சுட்டு வந்து கொட்டுது. அலை அடியில கெடக்குற மணலக் கெளப்புது. இப்பக் கலக்குறத நிறுத்திட்டேன். பாத்துக்கிட்டே இருங்க."

இருவரும் டம்ளரையே பார்த்தார்கள். மண் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

"காத்து நின்னாத்தான் மண் படியும். தை பொறந்தா காத்து கொறையும். மாசி, பங்குனியில கடல் கம்மாத் தண்ணி கணக்கா அசையாமக் கெடக்கும். அறுபது எழுபது அடி தள்ளி இருக்க பவளப்பாறை கூடத் தெரியும்."

"ஐப்பசி, கார்த்திகை?"

"அது கெழக்க இருந்து வார மழை. அங்கயும் பெய்யும், புயல் பயமும் இருக்கு. வேண்டவே வேண்டாம்."

மலையாண்டி ஐப்பசியையும் கார்த்திகையையும் அடித்தார்.

"நீச்சல் தெரியாதவன் எப்படி முங்குவான்?"

"முதுகுல காத்துச் சிலிண்டரு, வாயில குழாயி. சொல்லிக் குடுக்குறவரு பிடிச்ச பிடிய விடாம கூடவே வருவாரு. வாயால மூச்சு விடணும், அம்புட்டுத்தான். ஆனா கடல் கொந்தளிச்சா அவரே எறக்க மாட்டாரு. கரைக்குத் திருப்பி அனுப்பிருவாரு."

"இதையெல்லாம் அந்த வீட்டுல சொன்னியா?"

"மூணு தடவ சொன்னேண்ணே. டம்ளர்ல மண்ணப் போட்டுக் கூடக் காட்டுனேன். நீ டிக்கெட்டப் போடு, மத்தத நாங்க பாத்துக்கிறோம்னுட்டாங்க." அழகுராஜா குரலைத் தாழ்த்தினான். "போன வருசம் விளாங்குடி ஆளுகள ஆடியிலதான் அனுப்புனேன். அஞ்சு நாளும் படகு கெளம்பல. ரூமுக்குள்ள சீட்டாடிட்டுத் திரும்பி வந்து, அந்த ஏரியா பூரா என்னைய வஞ்சு தீத்துட்டாங்க. இப்ப அங்கிட்டு இருந்து ஒரு ஆளு கடைக்கு வாரதில்ல. இந்த வீட்டு ஏழு பேரும் அதே மாதிரி வந்து எறங்குனா, திருநகர்லயும் நான் கடைய மூட வேண்டியதுதான்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"ஒங்க வாயால மாசின்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா அந்த வீட்டுல ஒருத்தரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க."

"சொல்லிரலாம். நாளைக்கு மாசியிலயும் மழை பெஞ்சா? ஒனக்குக் கடை மட்டுந்தான். எனக்குப் பேரு போயிரும்."

"கடலுக்கு நான் உறுதி குடுக்க முடியாதுண்ணே. ஆனா பதினஞ்சு வருசத்துக் கணக்க எடுத்துப் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்." அவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். மாதவாரியாக மழை, காற்று, அலையின் உயரம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. "வருசத்துலயே மழை கம்மி மாசி, பங்குனியிலதான். காத்தும் கம்மி."

மலையாண்டி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். அவருக்கு அவசரமில்லை. டம்ளர் தண்ணீர் ஏறக்குறையத் தெளிந்திருந்தது. அதை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, நோட்டில் 'மாசி' என்று எழுதி வட்டமிட்டார்.

"சரி. கணக்கு ஒத்து வருது. மாசியே வச்சுக்கிருவோம்."

"பெரிய உதவிண்ணே. அப்ப நான் வாரேன்."

"முன்னால போகாத. பின்வாசல் வழியாப் போயிரு."

அவன் போன பிறகு மலையாண்டி தாளை நோட்டுக்கு அடியில் செருகினார். நெற்றியில் திருநீறைப் புதிதாகப் பூசிக்கொண்டு முன்கதவைத் திறந்தார். வாசலில் திருநகர் நல்லகாமன், மனைவி, மக்கள், மருமக்கள் என்று ஏழு பேர், மஞ்சள் தடவிய ஜாதக நோட்டுகளோடு, எந்த மாதம் கிளம்பலாம் என்று கேட்கக் காத்திருந்தார்கள்.

அவர்களை வரிசையாக உட்கார வைத்து, ஏழு கட்டங்களையும் நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு ஜோசியர் மலையாண்டி சொன்னார்: "ஆடியில தண்ணிப் பக்கமே போகாதீங்க நல்லகாமா, சனி குறுக்க நிக்கிறாரு, மாசியில குரு பாக்குறாரு, கடல் அசையாது."