அந்தோணியார் காட்டிய சைக்கிள்

"ஏளா கித்தேரி, களவுபோன என் சைக்கிள் கிடைச்சிட்டு! எவனோ போன்ல விலைக்குப் போட்டிருக்கான்."

பிளவேந்திரன் துள்ளி வந்து காட்டியபோது, அவர் மனைவி கித்தேரி போனைச் சரியாகப் பார்க்காமலே சொன்னாள்.

"அதேமாதிரி வேற சைக்கிளா இருக்குங்க."

"சீட்டு உறை நீ தச்சதுல்லா? விக்கிறவன் வீடு மில்லர்புரமாம். உன் தம்பியத் துணைக்குக் கூட்டிட்டுப் போயி அந்தக் களவாணிப்பயலப் பிடிக்கேன்."

"அவன் எதுக்குங்க? போனது போகட்டும்."

"எப்படி விடுவேன்? காணாமப்போனதக் கண்டுபிடிச்சுத் தாறவருன்னுதான அந்தோணியார் கோயில்ல ரெண்டுபேரும் மெழுகுதிரி ஏத்துனோம்? என்னைவிட நீதான் அழுது வேண்டுன. உன் வேண்டுதல்தான் பலிச்சிருக்கு!"

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அந்தச் சந்தோஷ முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

தலைசுற்றல் இருப்பதால் சைக்கிள் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிக்கு முன்னால் விழுந்து எழுந்தும் அடங்கவில்லை. அதனால் ஒளித்துவைக்கச் சொல்லித் தம்பியிடம் சைக்கிளைக் கொடுத்ததே அவள்தான். அந்தப் பாவி அதை விற்கப் பார்ப்பான் என்று யார் கண்டது?

கோயிலில் அவள் அழுது வேண்டியது உண்மைதான்.

"அந்தோணியாரே, இந்த ஒரு சைக்கிளை மட்டும் கண்டுபிடித்துத் தந்துவிடாதேயும்."