அக்தஸ் அக்கா ஊரில் இல்லை

"பண்டிகை நாள் அதுவுமா ஊரை விட்டு ஓடுற மூத்தவளை நம்ம வம்சத்துல இப்பத்தான் பார்க்கிறேன்!"

போனில் மஹீன் பொரிந்தாள். அண்ணன் ஈரஜ் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டினான்.

விஷயம் இதுதான். பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ் நெருங்கிவிட்டது. உடன்பிறந்தவர்களில் மூத்தவளான அக்தஸ், பண்டிகை முடியும்வரை வடக்கே கடற்கரையில் இருக்கப்போவதாகவும், யாரும் தன் வீட்டுக்கு வர வேண்டாம் என்றும் அறிவித்துவிட்டாள்.

ஈரானின் அராக் நகரத்தில் இது சின்னக் குற்றமில்லை. புத்தாண்டு பிறந்ததும் எல்லோரும் முதலில் மூத்தவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதன்பிறகுதான் மற்ற வீடுகள். மூத்தவரும் ஒவ்வொரு வீட்டுக்கும் பதிலுக்கு வருவார். அவர் பின்னாலேயே மொத்தச் சொந்தமும் வரும்.

வந்தவர்கள் உட்காருவது கொஞ்ச நேரம். அதற்காகப் பெண்கள் வாரக்கணக்கில் கம்பளம் துவைப்பார்கள், சுவர் துடைப்பார்கள், மாவு பிசைவார்கள். ஆலையில் இப்படி வேலை வாங்கினால் கொடி பிடித்திருப்பார்கள். வீட்டில் அதற்குப் பெயர் பண்டிகை.

"கேட்டியா நாஹித், அக்கா பண்ணின கூத்தை?" என்றான் ஈரஜ்.

அவன் மனைவி நாஹித் ஏணி உச்சியில் நின்று ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"கேட்டேன். இத்தனை வருஷமா அவங்களுக்காக இடுப்பொடிய வேலை செஞ்சேன். நம்மளையெல்லாம் ஒரு மனுஷங்களா மதிச்சாங்களா பாருங்க!"

"நீ முதல்ல கீழ இறங்கு. டாக்டர் என்ன சொன்னார்?"

டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். போன நவ்ரூஸில் நாஹித் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். ரத்தக் கொதிப்பு. 'இன்னொரு தடவை இப்படி உடம்பை வருத்தினா பக்கவாதத்துல கொண்டுபோய் விடும். உப்பைக் குறைங்க, நடங்க, பகல்ல கொஞ்சம் தூங்குங்க, மனசை அலட்டிக்காதீங்க.'

"டாக்டர் வீட்டுக்கா விருந்தாளி வரப்போறாங்க? என் வீட்டுக்குத்தானே!" என்று அப்போது சிரித்தவள் இவள்.

எட்டு மணி நேர வேலைக்காக ஒரு காலத்தில் ஆலை வாசலில் தொண்டை கிழியக் கத்தியவன் ஈரஜ். மனைவி விடியலில் தொடங்கி இருட்டும்வரை செய்தது அவனுக்கு வேலையாகவே தெரியவில்லை. 'இறங்கு' என்று சொன்னான். எழுந்து வந்து ஏணியைப் பிடிக்கவில்லை.

நாஹித் கையிலிருந்த திரையைப் பார்த்தாள்.

"அவங்களே வரலைன்னா, இதை யாருக்காகத் துவைக்கிறேன்?"

இறங்கிவிட்டாள்.

புத்தாண்டு பிறந்தது. அதிசயம் நடந்தது. அதாவது, எதுவும் நடக்கவில்லை. மூத்தவளுக்கு முன்னால் வேறு யார் வீட்டுக்குப் போனாலும் மரியாதைக் குறைவு. அதனால் யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. சொந்தபந்தம் மொத்தமும் அவரவர் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து அக்தஸைத் திட்டியது.

நாஹித்தும் திட்டினாள். திட்டிவிட்டு மத்தியானம் தூங்கினாள். சாயங்காலம் பூங்காவில் நடந்தாள். கடையில் ஒரு பெட்டி இனிப்பு வாங்கி, "இந்த வருஷம் இது போதும்" என்றாள். ஈரஜ் தேநீர் போடக் கற்றுக்கொண்டான். முதல் நாள் அது கஷாயம் மாதிரி இருந்தது. "பரவாயில்லை, மருந்துன்னு நினைச்சுக் குடிச்சிடறேன்" என்றாள் நாஹித்.

வீட்டிலிருந்த கருவியில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். இறங்கியிருந்தது.

பண்டிகை பாதி கழிந்த நிலையில் அக்தஸ் போன் செய்தாள்.

"கடல் ரொம்ப நல்லா இருக்குடா ஈரஜ். காத்து பிச்சுக்கிட்டுப் போகுது."

அவள் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. "பழைய இரும்பு! பழைய அடுப்பு! ஓட்டை அண்டா வாங்குறோம்!"

அக்தஸ் வீட்டுத் தெருவில் வண்டி ஓட்டி வரும் இரும்புக்காரனின் கரகர ஒலிபெருக்கி. அந்தத் தொண்டை அராக்கில் வேறு யாருக்கும் கிடையாது.

ஈரஜ் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

அக்தஸ் வீட்டில் எல்லாத் திரைகளும் இழுத்து மூடியிருந்தன. உள்ளேயிருந்து புதினா வதக்கும் வாசனை வந்தது. கதவைத் தட்டினான். அது விரற்கடை அளவு திறந்தது.

"உள்ள வந்து தொலை. பக்கத்து வீட்டுக்காரி பார்த்தா மஹீனுக்குத் தந்தி போயிடும்."

"வெட்கமா இல்லையாக்கா?" ஈரஜ் கத்தினான். "நாலு பேருக்கு டீ ஊத்த மனசில்லாம, இருட்டுல எலி மாதிரி ஒளிஞ்சுக்கிட்டு இருக்கே! ஊரே காறித் துப்புது!"

"துப்பட்டும். மெதுவாப் பேசு." அக்தஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "நாஹித்துக்கு ரத்தக் கொதிப்பு எப்படி இருக்கு?"

"அது இறங்கிடுச்சு. பேச்சை மாத்தாதே!"

"பகல்ல தூங்குறாளா?"

"தூங்குறா. தினமும் உன்னை ஒரு மூச்சு திட்டிட்டுத்தான் படுக்கவே போறா!"

அக்தஸின் முகம் மலர்ந்தது. தம்பிக்கு ஒரு கிண்ணம் சூப்பு ஊற்றி முன்னால் வைத்தாள்.

"நல்லாத் திட்டட்டும். நான் இங்க இருக்கிறதை மட்டும் அவகிட்ட உளறிடாதே. தெரிஞ்சா எனக்கு மரியாதை பண்ணக் கிளம்பிடுவா. போன வருஷம் அதுலதானேடா விழுந்தா?"