ஆவாத கருவாடு

சோற்றைப் பிசையப் போன மனைவியின் முன்னாலிருந்து தட்டைப் பிடுங்கினான் ஜெயப்பிரகாஷ்.

"டேய், என்னடா பண்ற?" பதறினாள் அவன் அக்கா மலர்க்கொடி.

அவன் நேரே கொல்லைக்குப் போய், குழம்பும் சோறுமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வந்தான்.

மலர்க்கொடி காலை ரயிலில் முதுநகரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் தூக்குவாளியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். வாளைக் கருவாட்டுக் குழம்பு என்றால் தம்பி பெண்டாட்டி இசைவாணிக்கு உயிர். அவளும் முதுநகர்க்காரிதான்.

சற்று முன் அதன் மூடியைத் திறந்ததுமே இசைவாணி கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே தூறல். அந்த ஆவியில் கடலும் ஈர மணலும் அலையலையாக மிதந்து வந்ததுபோல அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. இப்படிச் சிரித்து எத்தனை நாளாச்சு என்று மலர்க்கொடியும் சொக்கிப்போய் நின்றாள். அந்த நேரம் பார்த்துத்தான் இவன் சாப்பிட வந்து தொலைத்தான்.

"எனக்குக் கருவாட்டு வாடை ஆவாதுக்கா. இந்த வூட்டுல யாரும் திங்கக் கூடாது."

"கருவாட்டுத் தலைக்கு என்கிட்ட சண்டை போட்டவன்டா நீ! பொண்டாட்டிய அடக்கி வைக்கிறியா? என் தம்பி ஒரு கொடுமைக்காரன்னு ஊரெல்லாம் சொல்றேன் பாரு."

"சொல்லிக்கோ."

இசைவாணி மெல்ல எழுந்தாள்.

"அவர திட்டாதீங்க அண்ணி. எட்டு மாசமா நான் மனசுக்கு மாத்திரை சாப்புடறேன். மத்த மாத்திரை எதுவும் கேக்கலன்னு டாக்டரு இதைக் குடுத்தாங்க. மூளையில ஒரு நொதிய இது கட்டிப் போடுமாம். அதே நொதி குடல்லயும் ஈரல்லயும் இருக்காம். கருவாட்டுல இருக்குற, ரத்தத்துல பிரஷர ஏத்துற சரக்க அங்கேயே முறிச்சுடறது அதுதானாம். மாத்திரைக்கு மூளை எது, குடல் எதுன்னு தெரியுமா? எல்லா எடத்துலயும் கட்டிப் போட்டுடுது. இப்ப நான் கருவாடு தின்னா பிரஷர் எகிறி உசுருக்கே ஆபத்து. வாசனையில எல்லாத்தையும் மறந்துட்டேன்."

மலர்க்கொடி தம்பி பக்கம் திரும்பினாள்.

"இத முன்னயே சொல்லியிருந்தா நான் கொண்டாந்திருப்பனாடா?"

ஜெயப்பிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டான். இசைவாணிதான் சொன்னாள்:

"உங்க எதுத்த வூட்டு கயல்விழி இப்படி மாத்திரை போட்டப்ப, பைத்தியம்னு தெருவெல்லாம் சொன்னீங்களே அண்ணி? அந்தப் பேரு எனக்கு வரக்கூடாதுன்னுதான் இவரு கொடுமைக்காரன்னு பேரு வாங்கிக்கிறாரு."