அத்தைக்குப் பிடித்த கடை

"இந்தக் கடை வேணாம்மா. எழுந்திரு, போகலாம்."

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைக்காரர் இப்போதுதான் அவளுடைய எலுமிச்சை கேக்கைச் சாப்பிட்டுப் பார்த்து, "வாரா வாரம் கொடுங்க, எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருந்தார்.

"ஏன் அத்தை? அவருக்குப் பிடிச்சிருக்கே."

"கை தவறி மேசையில காபியைக் கொட்டிட்டேன்ல, அதுக்கு அவன் மூஞ்சி போன போக்கைப் பார்த்தியா? சிடுமூஞ்சி. இவன்கூட எல்லாம் குப்பை கொட்ட முடியாது."

மாமியார் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. மருமகள் கேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள்.

மூடிப்போன நூற்பாலை வளாகம் அது. ஓவியர்களும் சிற்பிகளும் குடிவந்த பிறகு, கொட்டகைக்கு ஒரு காபிக் கடை முளைத்திருந்தது. தரையில் இயந்திரங்களைப் பூட்டியிருந்த துளைகள் அப்படியே இருந்தன. பஞ்சு மூட்டை தூக்கிய கொக்கிகளில் விளக்குகள் தொங்கின. பெரிய கம்பெனிக் கடைகள் எட்டிப் பார்க்காத இடம், தனி ஆட்கள் நடத்தும் கடைகள், வீட்டுக் கேக்குக்கு மதிப்பு இருக்கும் என்று நம்பித்தான் வந்திருந்தாள். ஆபீஸ் வேலையை உதறிவிட்டுப் பெரிய அடுப்பு வாங்கிப் போட்டாயிற்று. இன்றைக்கு ஒரு கடையாவது கையில் வராவிட்டால், பழைய மேனேஜர் முன்னால் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

வேலையை விடச் சொன்னதே மாமியார்தான். "நீ கேக் செய், நான் முட்டை அடிச்சுத் தரேன்" என்று தைரியம் கொடுத்தவரும் அவர்தான். இன்று காலை மட்டும், "உனக்கு மனுஷங்களை எடைபோடத் தெரியாது, நானும் வரேன்" என்று, யாரும் கூப்பிடாமலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்தது சாயம் காய்ச்சிய கொட்டகை. அங்கே இருந்த தாடிக்காரர் கேக்கை வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். "அருமைங்க. நாளையிலிருந்தே கொடுங்க."

மாமியார் சும்மா இருப்பாரா? "தம்பி, கடையை எப்ப சாத்துவீங்க?"

"கடை சீக்கிரம் மூடிடும். அப்புறம் நண்பர்கள் வந்துடுவாங்க. பாட்டு, கச்சேரின்னு விடிஞ்சிடும்."

போதாதா? மறுபடியும் ஒரு கோப்பை கவிழ்ந்தது. தாடிக்காரர் காலைத் தூக்கித் தன் புது ஷூவைத்தான் முதலில் பார்த்தார். மாமியார் எழுந்துவிட்டார்.

"ராத்திரியெல்லாம் கூத்தடிக்கிறவன் காலையில கேக் வாங்கக் கண் முழிப்பானா?" என்றார் வெளியே வந்து.

மருமகளுக்கு வேறு கவலை. அத்தைக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது, டாக்டரிடம் காட்ட வேண்டும். இவரை விட்டால் வீட்டில் தனக்கு யார் இருக்கிறார்கள்?

மூன்றாவது கடையை ஓர் இளம் தம்பதி நடத்தினார்கள். தங்கமான பிள்ளைகள். கேக்கைப் போட்டி போட்டுக்கொண்டு தின்றார்கள், உடனே சரி என்றார்கள். மாமியார் காபியை ஒரு சொட்டு சிந்தாமல் குடித்து முடித்து, "நல்லா இருங்க" என்று வாழ்த்தினார். வாசலுக்கு வந்ததும், "நல்ல பசங்க. ஆனா நமக்குச் சரிப்படாது" என்று நடையைக் கட்டினார்.

நாலாவது, ஆலையின் பழைய டைம் ஆபீஸ். தொழிலாளர்களின் வருகை அட்டையைச் செருகிய பெட்டிகளில் இப்போது கரண்டிகள் இருந்தன. கடையில் ஈ, காக்கை இல்லை. நரை எட்டிப் பார்த்த ஒருவர், தானே காபி போட்டுத் தானே கொண்டுவந்தார். காபி வெந்நீருக்குத் தம்பி.

மாமியார் அதையும் கொட்டினார்.

"ஐயோ, கையில படலையேம்மா?" அந்த மனிதர் ஓடிவந்து முதலில் அவர் கையைத் துடைத்தார். மேசை அப்படியே சொட்டிக்கொண்டிருந்தது.

"தனியாவா கடை நடத்துறீங்க தம்பி?"

"எல்லாமே தனிதாம்மா" என்று சிரித்தார். பிறகு கேக்கைச் சாப்பிட்டுவிட்டு மருமகளிடம் சொன்னார்: "ரொம்ப நல்லா இருக்குங்க. ஆனா எனக்கு வேணாம். இங்க கூட்டமே வராது. இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சது காஞ்சு போனா எனக்குக் கஷ்டமா இருக்கும்."

வெளியே வந்ததும் மாமியார் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "இதுதாம்மா. இதை விடக் கூடாது."

மருமகளின் பொறுமை போய்விட்டது. "எடுத்துக்கறேன்னு சொன்ன மூணு கடையையும் தட்டிக் கழிச்சீங்க. வேணாம்னு சொன்னவரைப் பிடிச்சிருக்கா? அந்தக் காபியை வாயில வைக்க முடியுதா? எனக்கு இன்னைக்கு ஒரு கடை வேணும் அத்தை."

மாமியார் கேக் பெட்டியை வாங்கிக்கொண்டு, மறு கையால் அவளை அணைத்துக்கொண்டார்.

"கேக்கை அந்த மூணு பேருக்கும் கொடு. வியாபாரத்துக்கு அவங்களுக்கு என்ன குறை?"

"அப்ப இவரு எதுக்கு?"

"என் பிள்ளை உன்னைப் பாதியில விட்டுட்டுப் போய்ச் சேர்ந்துட்டான். உனக்கு ஒரு நல்ல துணை பார்க்காம நான் எப்படிடி கண்ணை மூடுவேன்? காபி போடறதை நீ சொல்லிக் கொடு, கத்துக்குவான்."