சுரணை கெட்ட குதிகால்

விடிந்தால் போதும், கோமளாவின் கன்னத்துத் தோலுக்குக் கிரீம், குதிகால் தோலுக்குச் சொரசொரப்பான கல்.

"அந்தத் தேய் தேய்க்கிறா, உனக்குச் சுரணையே இல்லையே! தோல் அவ்வளவு தடிச்சுப்போச்சு" என்று கன்னம் சிரித்தது.

குதிகாலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் தடிச்சேன்? நாற்பது வருஷமா இந்த உடம்பைச் சுமந்து, முள்ளையும் சூட்டையும் நானே வாங்கிக்கிட்டதாலதானே! எனக்கு யாரு கிரீம் தடவினாங்க?"

அதற்குள் கோமளா மறுபடி கல்லை எடுத்தாள். குதிகால் கன்னம்போல் சிவந்து மெல்லிசாகும்வரை விடாமல் தேய்த்தாள்.

மறுநாள் உச்சிவெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலைச் சுற்றினாள். மூன்றாவது அடியிலேயே "ஐயோ!" என்று அலறித் துள்ளினாள். கண்ணீர் வழிந்து கன்னத்தை நனைத்தது.

"கீழே என்ன நடக்குது?" என்று கன்னம் பதறியது.

"ஒண்ணுமில்லை. எனக்குச் சுரணை வந்துடுச்சு" என்றது குதிகால்.