பூ வாடும் வரை

விடிந்தும் விடியாததுமாகத் தண்ணீர் மாற்ற எழுந்து வந்த டிரேவர், சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டான்.

அக்கா புருஷன் ஆண்ட்ரூவின் ஒரு கையில் அவனுடைய ரோஜாக்கள். இன்னொரு கையில் கத்தரிக்கோல்.

“மாமா! கீழ வைங்க அத!”

அவன் அலறியதில் நியாயம் இருந்தது.

வேலை தேடுகிறேன் என்று தொம்மலூரில் அக்கா லீனா வீட்டுக்கு வந்து தங்கிவிட்டவன், அவளுக்கு ஐஸ் வைக்கத்தான் அந்த ரோஜாக்களை வாங்கி வந்தான். லீனா குளிரவில்லை. ஜாடியில் போட்டு மாதா படத்துக்கு முன்னால் வைத்தாள்.

“இந்தப் பூ வாடற வரைக்கும் இரு. வாடினதும் பெட்டியக் கட்டு. மாதா சாட்சி.”

மாதா சாட்சி என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

அதன் பிறகு டிரேவர் வேலை தேடவில்லை. நேரம் இல்லை.

தண்ணீரில் சர்க்கரை போட்டான். அது கெடாமலிருக்கத் துளி வினிகர் விட்டான். தண்ணீரில் முங்கிய இலைகளைக் கிள்ளி எறிந்தான். ஹாலில் யாரையும் ஃபேன் போட விடவில்லை. ராத்திரி ஜாடியை ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் தூங்கவைத்தான். பழத்தின் பக்கத்தில் இருந்தால் பூ சீக்கிரம் வாடும் என்று எங்கோ படித்துவிட்டு, வாழைப்பழச் சீப்பைப் பால்கனிக்கு நாடு கடத்தினான்.

ஆண்ட்ரூ பால்கனிக்குப் போய்ப் பழத்தைப் பிய்த்துவந்து, ஜாடிக்குப் பக்கத்தில் நின்றுதான் சாப்பிடுவார்.

“என்ன மச்சான், பேஷன்ட் எப்படி இருக்காங்க?”

தோலை அங்கேயே வைத்துவிட்டுப் போவார்.

அப்படிப்பட்டவர் கையில் இப்போது கத்தரிக்கோல்.

“கத்தாதடா.”

ஆண்ட்ரூ காம்புகளைப் பாத்திரத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, நுனிகளைச் சாய்வாக வெட்டினார். டிரேவர் வெட்டுவதைவிட நன்றாக வெட்டினார்.

டிரேவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“நேத்து உங்கம்மா லீனாவுக்கு போன் பண்ணாங்க. சந்தாபுராவுல உங்கண்ணன் வீட்ல சரிப்படலயாம். நீ ரூம காலி பண்ணதும் இங்க வராங்களாம். பர்மனென்ட்டா.”

போன கிறிஸ்துமஸுக்கு அம்மா வந்திருந்தபோது, ஆண்ட்ரூ தினமும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் உட்கார்ந்து பேப்பர் படித்தது டிரேவருக்கு நினைவு வந்தது.

சர்க்கரை டப்பாவை எடுத்து நீட்டினான்.

வாசல் கதவு திறந்தது. காலைப் பூசைக்குப் போயிருந்த லீனா, முக்காட்டைக்கூட எடுக்காமல் நேராகச் சமையலறைக்கு வந்தாள். இரண்டு பேரையும் பார்த்ததும் கையிலிருந்த பேப்பர் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

பொட்டலம் நீளமாக இருந்தது. இடுப்புக்குப் பக்கத்தில் பச்சைக் காம்புகள் எட்டிப்பார்த்தன.

லீனா பொட்டலத்தை மெல்ல முன்னால் கொண்டுவந்தாள்.

“மொட்டாப் பாத்து வாங்கியிருக்கேன்” என்றாள் லீனா. “அதே செகப்பு.”