உடையாத பாங்கு

யுத்தம் முடிந்த வருடத்தின் ஒரு பின்னேரம். ஏறாவூர் நெட் கபேயில், பிறந்த மகனின் வலது காதை ஸ்பீக்கரோடு சேர்த்துப் பிடித்திருக்கிறாள் றபீக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கேதான் வந்திருக்கிறாள். வாசலில் ஆட்டோ உறுமிக்கொண்டு நிற்கிறது. பிள்ளையின் காதில் வாப்பா சொல்லவேண்டிய தொழுகை அழைப்பான பாங்கு, அவள் கணவன் வேலைசெய்யும் டோஹாவிலிருந்து இணைய அழைப்பில் துண்டு துண்டாக வருகிறது. "வேகம் நல்லாத்தானே காட்டுது," என்கிறார் கடைக்கார றுஸ்தி. "திரைக்கு நல்லம் நானா, ராத்தாக்குக் கேக்குதில்லயே," என்கிறாள் வேலைக்கு நிற்கும் ஷாகிரா. மாலை வகுப்பில் படித்து அவள் எழுதிய கணினி நிரல் வேகத்தைப் பார்க்காது. கேட்பவர் 'உடையுது' என்ற சிவப்புப் பொத்தானை அழுத்தினால், வேகம் குறைந்தாலும் அறாமல் ஓடும் கடையின் மற்ற இணைப்புக்கு அழைப்பை மாற்றிவிடும். சரிவருமா என்ற பயத்தில் இதுவரை யாருக்கும் அவள் அதைக் காட்டியதில்லை. இப்போது றபீக்காவின் திரையில் அதைத் திறந்துவிடுகிறாள். "அந்தச் சிவப்ப அமத்துங்க ராத்தா." றபீக்கா அழுத்துகிறாள். சத்தம் அடியோடு நின்றுபோகிறது. "இருந்ததும் போச்சா புள்ள?" என்கிறார் றுஸ்தி. ஷாகிரா திரைப்பக்கம் குனிகிறாள். திரையில் வேகம் பாதியாக விழுகிறது. அந்த மெல்லிய இணைப்பில், "முதல்ல இருந்து சொல்றன்" என்ற குரல் தெளிவாக வருகிறது. பாங்கு ஓர் எழுத்தும் உடையாமல் எழும்புகிறது. பக்கத்துக் கணினிகளில் விரல்கள் நிற்கின்றன. றுஸ்தி சட்டைப் பையில் தொப்பியைத் தேடுகிறார். பிள்ளை கண்ணை விரிக்கிறது. "கேட்டானா?" என்கிறது டோஹா. "ஓம் மச்சான், கடைசி வரைக்கும் கேட்டான்!" என்று றபீக்கா சொல்வது வாசலில் நிற்கும் ஆட்டோக்காரனுக்கும் கேட்கிறது.